மாடு மேய்ந்த நிலம்

இன்னொரு போரின் கதையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் பெண்ணை என் பக்கத்தில் நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அதுதான் காரணம். கொஞ்சம் கெட்ட எண்ணமும் இருந்தது. அதையும் சொல்கிறேன்.

நான் வேலை செய்வது மெல்பேர்னுக்கு வெளியே, வெரிபீக்குத் தெற்கே, கடல் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டி வருகிற புரொக்கோலியையும் கோவா என்கிற முட்டைக்கோஸையும் கழுவித் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில். தகரக் கூரை, சீமெந்துத் தரை, எந்நேரமும் ஈரம். காற்று மாறினால் கழிவுநீர்ப் பண்ணையின் நாற்றம் வரும். பெல்ட் ஓடத் தொடங்கினால் நிற்காது, அதோடு சேர்ந்து நாங்களும் நிற்க முடியாது. முழங்கால் இரண்டும் எப்போதோ என்னிடம் விடைபெற்றுவிட்டன. எங்கள் மேற்பார்வையாளன் டார்னெய்ட்டிலிருந்து வருகிற தமிழ்நாட்டுப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், அவசரம் கொஞ்சம் கூட.

"அக்கா, அவங்க உக்ரைன். இங்கிலீஷ் கம்மி. உங்க பக்கத்துல நிக்க வைக்கிறேன். நீங்கதான் பொறுமையா சொல்லிக் குடுப்பீங்க."

"எனக்குப் பொறுமை இருக்கெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"இல்லன்னு தெரியும்க்கா. ஆனா வேற யாரும் இல்லையே."

அப்படித்தான் அவள் வந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். அகலமான தோள், சிவந்த கை, தலையில் துணி கட்டியிருந்தாள். முதல் நாள் காலையிலேயே கத்தியை வாங்கிப் பெருவிரலில் கூர் பார்த்துவிட்டு, மொட்டை என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. கத்தி மொட்டையாக இருந்ததும் உண்மைதான்.

அந்தக் கெட்ட எண்ணம் இதுதான். அவள் விமானத்தில் வந்தவள். பொயிண்ட் குக்கில் கலியாணம் முடித்திருக்கும் மகள் கூப்பிட்டு வந்தவள். நான் படகில் வந்தவள். மகளை மடியில் வைத்துக்கொண்டு, வாந்தியும் டீசல் மணமுமாக வந்து சேர்ந்தேன். பத்து வருடத்துக்கு மேலாகியும் என் விசா தற்காலிகம்தான். முடிய முடிய நீட்டித் தருவார்கள். அவளுடைய நாட்டுக் கொடியைக் கடை வாசல்களில் கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் போர் நடந்தபோது எந்தக் கடைக்காரன் எதைக் கட்டினான்? பொறாமைதான். இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை.

அவளுடைய ஆங்கிலமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. இரண்டு நொண்டியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எப்படியோ நடந்தன. அவள் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழும். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் போரைப் பற்றிக் கதைக்கவேயில்லை. மண்ணைப் பற்றித்தான் கதைத்தோம். புரொக்கோலித் தண்டில் ஒட்டிவரும் செம்மண்ணை அவள் விரலால் தேய்த்துப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

"இதுவும் ஒரு மண்ணோ? எங்கட மண் கறுப்பு. கையில எடுத்தால் கை கறுக்கும். தடியை நட்டால் தடி தளைக்கும்."

"அப்ப ஏன் இஞ்ச வந்தனீ?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவள் கோபிக்கவில்லை. பெல்ட்டில் வந்த புரொக்கோலிப் பூ ஒன்றை எடுத்து, அழுகிய ஓரத்தை மட்டும் செதுக்கி, மிச்சத்தைப் பெட்டியில் போட்டாள். இங்கே அப்படிச் செய்யக்கூடாது, முழுதாக வீசவேண்டும். எத்தனை தடவை சொல்லியும் அவளால் வீச முடியவில்லை. எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது.

அவளுடைய ஊர் ஒரே தெருவாம். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு, அதற்குப் பின்னால் வயல், வயலுக்கும் வயலுக்கும் நடுவே காற்றைத் தடுக்க நட்ட மர வரிசை. வெயில் காலத்தில் சமைக்க முற்றத்தில் தனியாக ஒரு குசினி. நிலத்தைத் தோண்டிக் கட்டிய அறையில் கிழங்கும் ஊறுகாய்ப் போத்தல்களும். அவளும் புருஷனும் ஒரு பொதுப் பால்பண்ணையில் வேலைசெய்து வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் எல்லா நிலமும் எல்லோருக்கும் பொது, அதாவது ஒருவருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதற்கும் முன்னால், அவளுடைய அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, அதிகாரிகள் வீடு வீடாக வந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். விதைக்கு வைத்ததையும் விடவில்லை. ஊரில் பாதிப் பேர் பட்டினியில் செத்தார்கள். அந்த மனிசன் கடைசிவரை மேசையில் விழுந்த பாண் துகளை விரலில் ஒற்றி எடுத்து வாயில் போடுவாராம்.

பிறகு நாடு தனி நாடானதும் பொதுப் பண்ணையைப் பிரித்துக் குடும்பத்துக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அவளும் புருஷனும் தங்கள் துண்டையும், பட்டணத்துக்குப் போன அயலவர்களின் துண்டுகளையும் சேர்த்துச் செய்தார்கள். கோதுமை, சூரியகாந்தி. பழைய உழவு மெசின் ஒன்று வாங்கினார்கள். பனிக்காலம் முழுக்கப் புருஷன் அதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பாராம். "என்னைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் கூட," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அவள்மேல் எரிச்சல்பட முடியவில்லை. அதுவே ஒரு தொந்தரவாகிப் போயிற்று.

உருளைக்கிழங்கு நடுவதைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவள் குரல் உயரும். வசந்தத்தில் நிலம் சூடானதும் முழுத் தெருவும் வாளியோடு ஒரு வீட்டுக்குப் போகும். ஒருவர் குழி வெட்ட, ஒருவர் கிழங்கு போட, ஒருவர் மூட. அந்த வீடு முடிந்ததும் அங்கேயே சாப்பாடு. மறுநாள் அடுத்த வீடு. கூலி என்ற பேச்சே கிடையாது. சண்டைபிடித்துக் கதைக்காமல் இருக்கிற வீடுகளும் அன்றைக்குப் போயே ஆகவேண்டும். "சண்டையை நட்டு முடிச்ச பிறகு பிடிக்கலாம்," என்றாள். எங்கள் பக்கத்திலும் நெல் அரிவு வெட்டுக்கு இப்படி ஆள் மாறி ஆள் போவோம் என்று சொன்னேன். அவளுக்கு அரிவு வெட்டை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேநீர் இடைவேளை முழுக்கப் போயிற்று. இங்கே அதை ஸ்மோக்கோ என்பார்கள். புகைபிடிக்காத எங்களுக்கும் அதுதான் பெயர்.

போர் அவளுடைய தெருவுக்குள் வந்தது. மர வரிசைக்குள் எதிரிப் படையினர் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் வந்த அன்றே புருஷன் உழவு மெசினின் பற்றரியையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, நிலவறையில் கிழங்குக் குவியலுக்கு அடியில் புதைத்துவிட்டார். ஸ்டார்ட் பண்ணு என்று படையினர் அதட்டினார்கள். இது செத்து வருடக்கணக்கு என்றார் மனிசன். கோபத்தில் ஒரு டயரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர்கள் துரத்தப்பட்டதும் ஸ்டார்ட்டரைத் தோண்டியெடுத்துத் துடைத்துப் பூட்டினார். அது இயங்கின சத்தம் கேட்டு மிஞ்சியிருந்த சனமெல்லாம் தெருவுக்கு வந்து அழுததாம். இதைச் சொல்லும்போது அவளும் அழுதாள். கையுறையால் கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் மண்.

ஆனால் போனவர்கள் வயலில் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுத்தான் போனார்கள். வெடி எடுக்கும் ஆட்கள் வந்து தெருவையும் வீட்டு வளவுகளையும் பார்த்தார்கள். வயலோரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளை நட்டுவிட்டு, முறை வரும்போது வருகிறோம் என்று அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். நாடு முழுக்க வயல். எப்போது முறை வரும்? அந்த வருடம் வளவுக்குள் மட்டும் கிழங்கு நட்டார்கள். நடுவதற்குத் தெருவில் கைகளும் குறைவு.

மகளின் கரைச்சல் தாங்காமல் அவள் மெல்பேர்னுக்கு வந்தாள். புருஷன் வரவில்லை. படைக்குப் பிடிக்கிற வயதைத் தாண்டியவர், நினைத்தால் வரலாம்.

"எப்ப வருவார்?" என்று கேட்டேன்.

"விதைச்சிட்டு வாறன் எண்டு சொல்லுறார்."

அந்த வாய்ப்பாடு எனக்குத் தெரியும். விதைத்துவிட்டு, வெட்டிவிட்டு, வெட்டினதை வித்துவிட்டு. ஷெல் எங்கள் வாய்க்கால்வரை வந்தபோதும் என் மனிசன் வெட்டு முடியட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மண்ணை உழுகிற கமக்காரனைக் கட்டினவளுக்கு இந்த வாய்ப்பாடு சீதனத்தோடு வந்துவிடும்.

எங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் அங்கே விடியல். அவள் கொட்டகைக்கு வெளியே, பெட்டிகள் அடுக்கிய மறைவில் இருந்துகொண்டு ஃபோனில் அவரைக் கூப்பிடுவாள். ஒற்றைக் கதிரைதான் இருந்தது, நான் கவிழ்த்த வாளியில் இருப்பேன். அவர் பால் கறந்துவிட்டு வந்து நிற்பார். மெலிந்த மனிசன், காதுவரை இழுத்த தொப்பி. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் பசுவைக் காட்டுவார், பிறகு வானத்தைக் காட்டுவார். என்னையும் பார்த்துத் தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

இந்த வருடம் இங்கே குளிர் தொடங்குகிற நேரம், அங்கே நிலம் சூடாகிற நேரம், ஒருநாள் அவள் ஃபோனை வைத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததேயில்லை.

"வாற கிழமை விதைக்கப்போறார்! சூரியகாந்தி! விதைச்சு வெட்டினால் வந்திடுவார்!"

"பலகையைக் கழற்றிப் போட்டாங்களோ?"

"இல்லை. ஆனால் மாடு மேய்ஞ்சிட்டுது."

பெல்ட்டுக்கு முன்னால் என் கை நின்றுவிட்டது. அவள் கவனிக்கவில்லை. சொல்லிக்கொண்டே போனாள். பசு ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு பலகையைத் தாண்டிப் போய்விட்டதாம். கத்திக் கூப்பிட்டும் வரவில்லை. வயிறு முட்ட மேய்ந்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்தது. மறுநாளும் போனது. பிறகு அயல்வீட்டு மாடுகளும் போயின. இரண்டு கோடை முழுக்க அந்த நிலத்தில் மேய்ந்திருக்கின்றன. ஒன்றும் வெடிக்கவில்லை.

"மாடு எவ்வளவு பாரம்! மனிசனைப் போலப் பல மடங்கு. அது மிதிக்காத இடமே இல்லையாம். நிலம் சுத்தம் எண்டு சொல்லுறார். அவருக்குத் தன்ர நிலம் தெரியும்."

"அக்கா! பெல்ட்டு!" என்று மேற்பார்வையாளன் கத்தினான். புரொக்கோலி குவிந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்து பொறுக்கினேன். அன்றைக்கு அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. அவளுடைய சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் யூனிவர்சிற்றிப் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இட்ஸ் நொட் யுவர் பிராப்ளம்," என்றாள் முதலில்.

"ஓம், எனக்கும் தெரியும்."

பிறகு அவள் புத்தகத்தை மூடினாள். "பட் யூ ஹாவ் டு டெல் ஹர். நீங்க எனக்கே சொன்னதில்லை."

உண்மைதான். என் போரை நான் எத்தனையோ விசா மேசைகளுக்கு முன்னால் இருந்து சொல்லியிருக்கிறேன். மொழிபெயர்க்கிற பிள்ளை, "கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லுங்கோ அன்ரி," என்று சொல்லும். நிறுத்தி நிறுத்திச் சொல்லிச் சொல்லி, அந்தக் கதை எனக்கே வேறு யாரோ ஒருத்தியின் கதையாகிவிட்டது. மனிசன் போன விதத்தை மட்டும் "வெடியில செத்தவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். போர் முடிந்த பிறகு நடந்தது என்பதால் அதிகம் கேட்கவும் மாட்டார்கள். மகளுக்கும் அந்த ஒரு வரிதான். அவள் அப்போது சின்னப் பிள்ளை, வயல் வரம்புக்கு வரவில்லை.

அடுத்த நாள் ஸ்மோக்கோவுக்கு இருந்ததும் சொன்னேன்.

"உன்ர மனிசனை உழ விடாதை."

"ஏன்?"

நான் என் நொண்டி ஆங்கிலத்தில் வெடிகளைப் பற்றி விளக்கினேன். இது படித்து வந்த அறிவு இல்லை. எங்கள் பக்கத்தில் அதோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தெரிந்தபோது பலருக்குக் காலம் கடந்திருந்தது. ஆளின் காலுக்கு வைக்கிற வெடி வேறு, வாகனத்துக்கு வைக்கிறது வேறு. வாகனத்துக்கு வைத்தது ஆள் மிதித்தால் பேசாமல் கிடக்கும். மாடு மிதித்தாலும் அநேகமாகப் பேசாமல்தான் கிடக்கும். உழவு மெசினுக்குப் பேசாமல் இராது.

அவளுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் கோபம் வந்தது.

"நீ ஆர் எனக்குச் சொல்ல? என்ர வயலை நீ கண்டியோ? அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். ரெண்டு கோடை பார்த்தவர். சும்மா பயப்படுத்தாதை!"

"விசர்க் கதை கதையாதை! மாட்டை நம்பி மெசினை விடுறதோ?"

"அவருக்குத் தெரியும்!"

"என்ர மனிசனும் அப்பிடித்தான் சொன்னவர்!"

கத்திவிட்டேன். கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளன் ஓடி வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா, நீங்க உக்காருங்க," என்று சொல்லித் திரும்பிப் போனான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று தெரியாது. நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. எங்களைப் போன்றவர்கள் அதை ஒருவரையொருவர் கேட்பதில்லை.

மதியம் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்டிகளின் மறைவுக்குப் போனாள். கூப்பிட்டாள். அவர் முற்றத்தில் நின்றார். பின்னால் உழவு மெசின், விதைக்கிற கருவியும் பூட்டி ஆயத்தமாக. அவள் ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சொல்லு," என்றாள். "நான் அவருக்குச் சொல்லுறன்."

அப்படியொரு அலுப்பு எனக்கு வந்தது. திரும்பவும் ஒரு மொழிபெயர்ப்பாளர். திரும்பவும் நிறுத்தி நிறுத்தி. ஆனால் இதுவரை விசாவுக்காகச் சொன்னேன். இது ஒரு மனிசனின் உயிருக்கு. சொன்னேன்.

போர் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பவிட்டபோது வீட்டில் சுவர் மட்டும் நின்றது. தகரம் தந்தார்கள், போட்டுக்கொண்டு இருந்தோம். வயலில் இதே மண்டையோட்டுப் பலகை. முறை வரும்வரை இறங்கவேண்டாம் என்றார்கள். போரில் சனம் விட்டுவிட்டு ஓடிய மாடுகள் கட்டாக்காலியாகத் திரிந்தன. அவை எங்கள் வயலில்தான் நாள் முழுக்க மேய்ந்தன, படுத்தன, கன்றும் போட்டன. என் மனிசன் வரம்பில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நிவாரண அரிசியைத் தின்னத் தின்ன அவருக்கு வெட்கமாக இருந்தது. கமக்காரன் கையேந்திச் சாப்பிடுகிறதோ என்பார். காலபோக விதைப்புக்கான மழை தொடங்கியது. "மாடு மேய்ஞ்ச நிலமப்பா, இனி என்ன பயம்?" என்று ஒரு உழவு மெசினை வாடகைக்குப் பிடித்துத் தானே ஏறினார். நான் வேண்டாம் என்று கத்தவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் அந்த மாடுகளைப் பார்த்தவள்தானே.

முதல் சுற்று ஒன்றுமில்லை. நான் தேத்தண்ணிப் போத்தலோடு வரம்பில் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "பார்த்தியோ?" என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். மூலையில் மெசினைத் திருப்பினார்.

அதற்குமேல் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் என் ஒவ்வொரு வசனத்தையும் தன் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தவள், அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் நின்றுபோனாள். பிறகு சொல்லி முடித்தாள்.

அவர் தொப்பியை நெற்றிக்குமேல் தள்ளிவிட்டார். ஐயோ பாவம் என்றோ, கடவுளே என்றோ ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்டார். எவ்வளவு ஆழம் உழுதது? நான் முழங்கையிலிருந்து கொஞ்சம் குறைத்துக் கையால் காட்டினேன். என்ன மண்? களி என்றேன். என்ன விதை? நெல்லு. அவர் நெற்பயிரைக் கண்டதில்லையாம், தண்ணீருக்குள் நிற்குமாமே என்றார். ஓம், நிற்கும் என்றேன். இப்படி ஒரு ஆளிடம் என் மனிசன் செத்ததைச் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. என் மனிசனும் இதைத்தான் கேட்டிருப்பார்.

ஃபோனை அவள் இப்போது தன் முகத்துக்கு நேரே திருப்பியிருந்தாள். அவர் கடைசியாக ஒன்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அதுக்குப் பிறகு அந்த வயலை விதைச்சனீங்களோ எண்டு கேட்கிறார்."

எனக்குப் பொய் வாயில் வரவில்லை. ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் வந்திருக்கும்.

"விதைச்சனாங்கள்," என்றேன். "அதே மழையில. விதைநெல்லு ஊறப்போட்டிருந்தது. முளை வந்திட்டுது. வைச்சிருந்தால் அழுகிப்போகும். அவர் செத்து எட்டுச்செலவுக்கு முன்னமே நானும் என்ர தமையனும் இறங்கி, அவர் உழுத மட்டும் கையால விதைச்சனாங்கள்."

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். வெளியே பாரமேற்றும் லொறி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, அதன் கீ கீ சத்தம். என் பதில் அவருக்கு விளங்கினால் என்ன செய்வார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விதைத்தார்கள்தானே என்பார். அந்த ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார். மெசினில் ஏறுவார்.

அவள் ஃபோனைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். சிறிதாக ஏதோ சொன்னாள். திரும்பவும் ஆட்டினாள்.

அவர் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஃபோனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கவேண்டும். மெசினுக்குப் பின்னால் குனிந்து அவர் விதைக்கிற கருவியைக் கழற்றுவது தெரிந்தது. ஆணி இறுகியிருந்தது போல, சுத்தியலால் தட்டினார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"நல்ல நிலம் தரிசாப் போச்சே, பாவம் எண்டு சொன்னவர்."

எங்கள் இரண்டு பேருக்கும் அழுகை வரவில்லை. அவள் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டாள். சாப்பாட்டுப் பெட்டியை நாங்கள் திறக்கவேயில்லை. நேரம் முடிந்துவிட்டது. உள்ளே போய்க் கையுறை மாட்டினோம். பெல்ட் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தலை நிமிராமல் பூக்களைப் புரட்டிப் புரட்டிப் பெட்டியில் அடுக்கினோம்.

அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நெல்லு விளைஞ்சதோ?"

"ஓம்," என்றேன். "நல்லா விளைஞ்சது."